ஈரம் காயாத முதல் தாள்

கிழக்குத் தாம்பரம், மேற்குத் தாம்பரம் – 11

2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி மறுநாள் காலை எட்டரை மணிக்குள் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அந்த வாரம் முழுக்க ஊர் வாயில் செம்பரம்பாக்கம் ஏரிதான். முடிச்சூர்க்காரர்களிடம் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள். செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் கலப்பதே கீழே திருநீர்மலைப் பக்கம் போய்த்தான். முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது அதற்கு மேலே ஆதனூர், மணிமங்கலம் ஏரிகள் நிரம்பி வழிந்த வெள்ளம். வீட்டுக்குள் வந்த தண்ணீர் கட்டில், பீரோ, மேஜை என்று படிப்படியாக ஏறியது.

தண்ணீர் வடிந்து வெயில் தலைகாட்டியதும் மொட்டை மாடிகளெல்லாம் காயப்போடும் களமாயின. மெத்தை, ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், மார்க் ஷீட், கல்யாண ஆல்பம். கிறிஸ்தவ வீட்டு மாடிகளில் இன்னொன்றும் சேர்ந்து காய்ந்தது: கறுப்பு அட்டை போட்ட வேதப்புத்தகம்.

அதைக் காயவைப்பது லேசான வேலை இல்லை. வேதாகமத் தாள் வெங்காயத் தோல் மாதிரி. ஈரமானால் பத்துப் பன்னிரண்டு தாள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டுப் பிரித்தால் லேவியராகமத்தில் பாதி எண்ணாகமத்தோடு போய்விடும். இடையிடையே செய்தித்தாள் நறுக்கைச் செருகி, முகப் பவுடர் தூவி, மின்விசிறிக்கு அடியில் நாள்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். ஆனால் எந்த வீட்டிலும் முதலில் திறந்து பார்த்தது ஆதியாகமத்தையோ சங்கீதத்தையோ அல்ல. அட்டைக்கு அடுத்து இருக்கும் வெற்றுத் தாளைத்தான். வசனம் அழிந்தால் கடையில் இன்னொரு பைபிள் வாங்கிக்கொள்ளலாம். அந்தத் தாளை வாங்க முடியாது.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது? பிறப்பு, ஞானஸ்நானம், திடப்படுத்தல், விவாகம், கடைசியில் 'கர்த்தருக்குள் நித்திரை'. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் பெரும்பாலும் 'செத்தார்' என்று எழுதுவதில்லை, 'மரித்தார்' என்றுகூட எழுதுவதில்லை, நித்திரையடைந்தார். ஆளின் பெயர், இடம், கிழமை, தேதி, ஞானஸ்நானம் கொடுத்த ஐயரின் பெயர். (நெல்லைச் சீமையில் சி.எஸ்.ஐ. குருவானவர் 'ஐயர்', அவர் மனைவி 'ஐயரம்மா'. தாம்பரத்துக்கு வந்து இரண்டு தலைமுறை ஆன பிறகுதான் 'பாஸ்டர்' வந்தார்.) பல தாள்களில் பிறந்த நேரமும் இருக்கும்: விடிகாலை 4.10, பின்னேரம் 3.25. ஜாதகம் பார்க்காத வீட்டுக்கு நிமிஷக் கணக்கு எதற்கு? கேட்டால் பதில் வராது, ஒரு சிரிப்புத்தான் வரும். நம்பிக்கை மாறினாலும் சில பழக்கங்களுக்கு அந்தச் சேதி போய்ச் சேருவதில்லை.

மேலிருந்து கீழே பெயர்களைப் படித்துக்கொண்டு வந்தாலே ஒரு நூற்றாண்டு தெரியும். உச்சியில் தேவசகாயம், ஞானசிகாமணி, மாசிலாமணி, பாக்கியம், அன்னம்மாள். அடுத்த வரிசையில் சாமுவேல், டேனியல், கிரேஸ், எஸ்தர். அதற்கும் கீழே ஜெபா, ஜெயா, பிரபா என்று வடமொழி வேரில் முளைத்த பெயர்கள். கடைசி வரிகளில் பாட்டிமார் வாயில் நுழையாத பெயர்கள். இடங்களும் அப்படித்தான். முதல் இரண்டு தலைமுறைக்கு முதலூர், மெஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம்; பிறகு திடீரென்று தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம்.

அந்தத் 'திடீர்' எப்படி வந்தது என்பதற்கு ரயிலைக் கேட்க வேண்டும். தெற்கேயிருந்து எழும்பூர் போகும் ராத்திரி வண்டிகள் விடிகிற நேரத்தில் தாம்பரத்தில் நிற்கும். நெல்லை எக்ஸ்பிரஸ், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், தூத்துக்குடியிலிருந்து முத்துநகர். 1931லேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. ரயில்வே, விமானப்படைத் தளம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், கிறிஸ்தவக் கல்லூரி என்று வேலைக்கு வந்தவர்கள், பட்டணத்துக்குள் போய் வாடகை கொடுப்பதற்குப் பதில் இறங்கிய இடத்திலேயே மனை வாங்கினார்கள். ஊரிலிருந்து வரும் மாமாவோ சித்தியோ கருப்பட்டிப் பெட்டியும் பனங்கிழங்குக் கட்டுமாக இறங்கினால் ஆட்டோவில் பத்து நிமிஷம். முதலூர் 1799இல் டேவிட் சுந்தரானந்தம் என்கிற தமிழ் உபதேசியாரின் முயற்சியில், ஊரைவிட்டு விரட்டப்பட்ட கிறிஸ்தவர்களுக்காக உருவான குடியிருப்பு. துரத்தப்பட்டதால் பிறந்த ஊரின் பெயர், நூற்றெழுபது எண்பது வருடம் கழித்து, வேலை தேடி வந்தவர்களின் வேதப்புத்தகத்தில் 'பிறந்த இடம்' என்று உட்கார்ந்திருக்கிறது.

"ஆச்சி, தாத்தா எந்த வருசம் பொறந்தாவ?"

"அந்த வேதப்புஸ்தகத்த எடுல. முதத் தாள்ல கெடக்கும்."

இந்த உரையாடல் நடக்காத நெல்லைக் கிறிஸ்தவ வீடு கேம்ப் ரோட்டிலிருந்து மாடம்பாக்கம் வரை தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

புத்தகத்துக்கும் ஒரு பிறப்புப் பதிவு உண்டு. தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு அச்சேற்றிய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் முழுமை பெற்றது. பிறகு வேப்பேரி. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து ஓர் அச்சு இயந்திரத்தையும் தூக்கிவந்தார்கள். அது வேப்பேரியில் இருந்த ஜெர்மானியர் பப்ரிசியுஸ் கைக்குப் போனது. மொழிபெயர்ப்பு, ஞானப்பாட்டுகள், 1779இல் ஒரு தமிழ்–ஆங்கில அகராதி என்று மனிதர் வாழ்நாளையே அதில் கரைத்தார். பண விஷயத்தில் மட்டும் ஏமாளி. நம்பிக் கொடுத்த பணம் திரும்பாமல் கடன்காரராகி, தள்ளாத வயதில் சிறைக்கும் போனார். தாம்பரத்து மாடிகளில் காய்ந்த புத்தகம் அவருடையது இல்லை. அவர் போட்ட பாதையில் ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871இல் முடித்த வேதாகமம். 'பவர் திருப்புதல்' என்று பெயர். 'தேவன்', 'கர்த்தர்', 'பரிசுத்த ஆவி' எல்லாம் அந்தப் புத்தகத்தின் சொற்கள். 1995இல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு 'கடவுள்', 'ஆண்டவர்', 'தூய ஆவி' என்று நல்ல தமிழுக்கு வந்துவிட்டது. படித்துப் பார்த்தால் தெளிவாகவே இருக்கிறது. ஆனாலும் சீர்திருத்த சபை வீடுகளில் ராத்திரி ஜெபத்துக்கு எடுப்பது பழையதைத்தான். பாட்டி மனப்பாடமாகச் சொன்ன சங்கீதத்தில் ஒரு சொல் மாறினாலும் அது வேறு யாரோ சொல்வது போல இருக்கிறது அவர்களுக்கு.

ராத்திரி ஜெபம் என்றதும் இந்தப் புறநகரில் வளர்ந்தவர்களுக்கு முதலில் நினைவு வருவது பசி.

'குடும்ப ஜெபம்' முடிந்தால்தான் சாப்பாடு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சேலையூர்ப் பக்கம் சாயங்காலம் கரண்ட் போவது சாதாரணம் என்பதால், பலருக்கு அந்த ஜெபத்தின் வாசனை மண்ணெண்ணெய். பாய் விரித்து எல்லோரும் உட்கார வேண்டும். முதலில் ஒரு கீர்த்தனை. ஆர்மோனியப் பெட்டி இருந்தால் அதற்கொரு மரியாதை. இல்லாவிட்டால் அப்பாவின் சுருதிதான் சுருதி, அது எங்கே ஆரம்பித்தாலும். பாடுகிற பாட்டு பெரும்பாலும் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாருடையதாகவோ அவர் வழியில் வந்த ஒருவருடையதாகவோ இருக்கும். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரோடு நட்பாக இருந்து, 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதியவர். 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தொகுத்த கீர்த்தனைப் புத்தகம் அவர் பாட்டுகளை ஊர் ஊராகக் கொண்டுபோனது. ராகமும் தாளமும் குறித்த பாட்டுகள். சங்கீதம் படிக்காத வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆனந்தபைரவி காதில் ஏறியது இந்தப் பாயில் உட்கார்ந்துதான். அது ஆனந்தபைரவி என்று தெரிய இருபது வருடம் ஆகியிருக்கலாம்.

பிறகு வாசிப்பு. ஆளுக்கொரு வசனமாகச் சுற்றிவர வேண்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் கடைக்குட்டி தன் முறை எந்த வசனத்தில் வரும் என்று முன்கூட்டியே எண்ணி, அதை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்து வைத்திருக்கும். நடுவில் விருந்தாளி ஒருவர் வந்து உட்கார்ந்தால் கணக்கெல்லாம் தப்பி, 'நேபுகாத்நேச்சார்' வந்து சிக்கிக்கொள்ளும். இந்தத் தொடருக்காகப் பேசியவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல, தானியேலின் புத்தகம்.

அடுத்தது ஜெபம், அதாவது பட்டியல். இதில் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஊரையே சுற்றிவருவார்கள். மஸ்கட்டில் இருக்கும் மாப்பிள்ளை, பிளஸ் டூ எழுதும் மகள், வேலை நிரந்தரமாகாத சித்தப்பா, பக்கத்து வீட்டு மாமியின் முழங்கால், பிரதம மந்திரி, மழை. தாம்பரத்துப் பட்டியலில் வெகுகாலம் தவறாமல் இருந்த ஒரு வரி 'சானடோரியத்தில் இருக்கிற பிள்ளைகள்'. டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து என்ற தமிழ் மருத்துவர் இங்கிலாந்தில் காசநோய் இல்லம் நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றிருக்கிறார். அவர் ஊர் திரும்பி 1928இல் இங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால்தான் ஒரு ரயில் நிலையத்துக்கே 'தாம்பரம் சானடோரியம்' என்று பெயர். காசநோய் என்றால் சொந்தக்காரர்களே வாசற்படியோடு திரும்பிவிடும் காலம் அது. ஊரிலிருந்து நோயாளியைக் கூட்டிவந்தவர்கள் தங்குவதற்கு, ஜெபப் பட்டியலில் பெயர் ஏறிய பிறகு, ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணை கிடைக்கும்.

பாட்டி ஜெபம் பண்ண ஆரம்பித்தால் ரசம் ஆறிவிடும் என்பது பொது விதி. பிள்ளைகள் முழங்காலில் நின்றபடியே தூங்கிவிடுவார்கள். பரமண்டல ஜெபம் எல்லோரும் சேர்ந்து சொல்லும்போதுதான் விழிப்பார்கள். அதற்குப் பிறகு தட்டு எடுத்து வைக்கும் சத்தம் வரும் என்று உடம்புக்கே தெரிந்திருக்கும். முடிந்ததும் சின்னவர்கள் பெரியவர்களுக்கு 'ஸ்தோத்திரம்' சொல்ல வேண்டும். அன்றைக்கு அப்பாவிடம் அடி வாங்கியிருந்தாலும் சொல்ல வேண்டும். மத்தியானச் சண்டை பெரும்பாலும் அந்த இடத்தில்தான் முடியும். முடியாமல் மறுநாளுக்குத் தள்ளிப்போனதும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

கத்தோலிக்க வீடுகளில் இதே நேரத்தில் ஜெபமாலை. மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி, ஐந்து பத்துமணிகள், மன்றாட்டு. பாய் ஒன்றுதான், பசியும் ஒன்றுதான்.

விசுவாசத்தைப் பற்றி உலகம் பேசியதும் இதே தாம்பரத்தில்தான். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து சேலையூர்க் காட்டுக்கு இடம் மாறியது 1937இல். மறு வருடம் டிசம்பர் 12 முதல் 29 வரை அந்த வளாகத்தில் சர்வதேச மிஷனரி மாமன்றம் கூடியது. 69 நாடுகளிலிருந்தும் பிரதேசங்களிலிருந்தும் 471 பேர். முதலில் சீனாவில் நடப்பதாக இருந்தது; ஜப்பான் படையெடுத்ததால் இங்கே வந்தது. ஜப்பானியக் கிறிஸ்தவத் தலைவர் ககாவா வந்தார். அவர் நாட்டோடு போரில் இருந்த சீனாவின் பிரதிநிதிகளும் வந்தார்கள். நெல்லைச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்து ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியாவும் இருந்தார். ஹாலந்துக்காரர் ஹென்ட்ரிக் கிரேமர் இந்த மாநாட்டுக்காகவே ஒரு தடித்த புத்தகம் எழுதியிருந்தார்: கிறிஸ்துவில் வெளிப்பட்டதற்கும் மற்ற மதங்களுக்கும் இடையே தொடர்ச்சி கிடையாது என்பது அவர் கட்சி. அதே கல்லூரியில் பல்லாண்டு தத்துவம் கற்பித்த ஏ. ஜி. ஹாக் அதை ஒத்துக்கொள்ளவில்லை. பிற மதத்தாரின் விசுவாசமும் மெய்யான விசுவாசம்தான், கடவுள் அங்கேயும் சந்திக்கிறார் என்பது அவர் பக்கம். சென்னையில் வெங்கல் சக்கரை, செஞ்சையா முதலியோர் சேர்ந்து அதே வருடம் 'இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்தல்' என்ற பொருளில் ஒரு ஆங்கிலத் தொகுப்பையே வெளியிட்டார்கள். சக்கரை பிறகு சென்னை மேயராகவும் ஆனார். இறையியல் மாணவர்களுக்கு 'தாம்பரம்' என்றால் இன்றும் ரயில் நிலையம் இல்லை, அந்த விவாதம்தான்.

விவாதம் பெரியதுதான். ஆனால் அது நடந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீடுகளில் ஜெபப் பட்டியலுக்குள் பக்கத்து வீட்டு மாமியின் முழங்கால் எப்படி வந்தது என்பதைக் கிரேமர் கட்சியும் விளக்காது, ஹாக் கட்சியும் விளக்க வேண்டியதில்லை. மாமி பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் அனுப்புகிறார். கிறிஸ்துமஸுக்கு இந்த வீட்டிலிருந்து முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் போகிறது. முழங்கால் வலிக்கிறது என்று மாமி சொன்னார். ராத்திரி அது பட்டியலில் ஏறியது. அவ்வளவுதான்.

முதல் தாளுக்குத் திரும்புவோம். சட்டத்தின் கண்ணில் அது என்ன? புனித ஜார்ஜ் கோட்டையின் மரியன்னை ஆலயத்துப் பதிவேட்டில் முதல் திருமணம் 1680 நவம்பரில் கம்பெனி அதிகாரி எலிஹு யேலுடையது. பெரிய மனிதர்களுக்கு அப்படிப் பதிவேடு இருந்தது. சாதாரணக் கிறிஸ்தவர்களின் கல்யாணத்தையும் பதிவு செய்ய விதி வகுத்தது 1872ஆம் வருடக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். இன்றும் ஆலயத்தில் ஓலை வாசித்து, கல்யாணத்தன்று மணமக்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். பிறப்பு, இறப்புப் பதிவு நாடு முழுவதற்கும் ஒரே சட்டமானது 1969இல். அதற்கு முன்னால் கிராமத்தில் பிறந்த எத்தனையோ பேருக்கு ஞானஸ்நானச் சீட்டும் இந்தத் தாளும்தான் வயதுக்குச் சாட்சி. அதே 1872இல் வந்த சாட்சியச் சட்டத்தில் இதற்கொரு இடம் இருந்தது. இறந்துபோனவர் உயிரோடு இருந்தபோது உறவைப் பற்றி எழுதி வைத்ததைக் கோர்ட் கவனிக்கலாம் என்றது 32ஆம் பிரிவு. வம்சாவளி, கல்லறைக் கல், குடும்பப் படம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது. அதன் கீழ் தரப்பட்ட உதாரணம் ஒன்று அழகானது: ஒருவர் பிறந்த தேதி என்ன என்பது கேள்வி; இறந்துபோன தகப்பனார், இன்ன நாளில் எனக்குப் பிள்ளை பிறந்தது என்று சிநேகிதருக்கு எழுதிய கடிதம் அதற்குப் பொருத்தமான சாட்சி. 2024 ஜூலை முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதுச் சட்டம் வந்துவிட்டது. தகப்பனார் எழுதியதற்கு அதிலும் இடம் இருக்கிறது.

2015 வெள்ளத்துக்குப் பிறகு அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. தண்ணீரில் போன ரேஷன் கார்டு, பட்டா, பள்ளிச் சான்றிதழுக்கெல்லாம் நகல் வாங்க வரிசையில் நின்றார்கள். முதல் தாளுக்கு நகல் கொடுக்கும் மேஜை எந்த முகாமிலும் இல்லை.

எது பிழைத்தது என்பதை மை தீர்மானித்தது. பால் பாயின்ட் பேனாவின் மை எண்ணெய்ப் பசையுள்ளது. அதில் எழுதியவை அப்படியே நின்றன. நீலக்கறுப்பு மையில் இரும்புச் சத்து உண்டு. வெளுத்தாலும் தடம் விட்டது. பளிச்சென்று நீலமாக எழுதும் சாதாரண ஊற்றுப்பேனா மைதான் முற்றிலும் கரைந்தது. ஒரே தாளில் முப்பதுகளில் நித்திரையடைந்த கொள்ளுத்தாத்தா தெளிவாக இருக்க, அறுபதுகளில் பிறந்த அத்தை வெறும் நீலக் கறையாகிவிட்டார். அத்தைக்கு வருத்தம் ஒன்றுமில்லை, வயது இனி யாருக்கும் தெரியாது என்றாராம்.

கரைந்த வரிகளைப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டுத் திரும்ப எழுதினார்கள். அப்போதுதான் பலர் ஒன்றைக் கவனித்தார்கள்: தாள் முழுக்கத் தாத்தாவின் கையெழுத்து, அவர் நித்திரையடைந்த வரி மட்டும் அப்பாவின் கையெழுத்து, அதற்குக் கீழே எல்லாம் அப்பா. எந்த வீட்டிலும் பேனாவை யாரும் யாரிடமும் ஒப்படைத்ததில்லை. அந்த ஒரு வரியை யார் எழுதினாரோ அவர் கைக்கு அது போயிருந்தது.

இன்னொரு வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் சிலர் தாளைத் தனியாகப் பிரித்தெடுத்து, தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டு வைத்துவிட்டார்கள். இனித் தண்ணீர் நுழையாது. பேனாவும் எழுதாது. அந்த வீடுகளில் 2015க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் பெயர்களும் நேரங்களும் ஒரு கோடு போட்ட நோட்டுத் தாளில், நாலாக மடித்து, பிளாஸ்டிக் அட்டைக்குப் பின்னால் செருகியிருக்கின்றன.

(தொடரும்)